மற்ற நபர்கள்

சின்னப்பாலம் ஏலக்கொட்டகையின் ஷட்டரைப்
பாதி இறக்கிவிட்டுத்தான் கூட்டம் நடத்துகிறோம்.
கச்சான் காற்று பேரேட்டைப் புரட்டுகிறது
என்பது ஒரு காரணம்.
வியாபாரியின் ஆள் வெளியே பீடியோடு நிற்கிறான்
என்பது இன்னொன்று.

தபால்வழி எம்.ஏ., அரசியல் அறிவியல்.
ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தாள்.
பேரேட்டுக்கு அடியில் பாடப்புத்தகம் கிடக்கிறது.
பிலடெல்பியாவில் ஒரு கோடை முழுக்க
ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஆண்கள் பேசினார்களாம்.
உள்ளே சொன்னது வெளியே கசியக் கூடாது.
கம்பளிக் கோட்டு, ஈ, வேர்வை.
ஒருவர் மட்டும் தினமும் எழுதிக்கொண்டே இருந்தார்.

"என்னடி சிரிக்கிற?" என்றாள் நம்புராணி மைனி.
ஒன்றுமில்லை மைனி,
எங்களுக்கும் வேர்க்கிறது.

அதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு கூட்டமைப்பு இருந்தது.
பதின்மூன்று ஊர்; கேட்ட பணத்தை ஒழுங்காய்க் கட்டிய ஊர் இல்லை.
போன வருஷம் வரைக்கும் நாங்களும் அதே.
டீசலுக்குச் சந்தா கேட்டால்
முந்தல்முனை குந்துகாலைக் கை காட்டும்,
குந்துகால் கடலைக் காட்டும்.

அதற்கும் வெகுகாலம் முன்னால் ஒரு கப்பல்.
போக வேண்டிய கரை ஒன்று,
காற்று கொண்டுவந்து விட்ட கரை ஒன்று.
கையிலிருந்த அனுமதிச் சீட்டு இந்தக் கரைக்குச் செல்லாது.
எங்களை ஏவ இனி எவனுக்கும் அதிகாரமில்லை என்று
சிலர் முறுக்கிக்கொள்ள,
கரையில் குடியேறும் முன்பே
ஒரு தாளில் நாற்பத்தொரு கையெழுத்து.

எனக்கு மனோலித் தீவுப் பக்கம் நின்ற எங்கள் வள்ளம் நினைவு வந்தது.
வளர்பிறையில் ஆறு நாள், தேய்பிறையில் ஆறு நாள்,
மிச்ச நாளெல்லாம் மரிக்கொழுந்துப் பாசி
தன்பாட்டுக்கு வளரட்டும்.
கையால் மட்டும் பறிப்பது, இரும்பு கூடாது.
தாள் நனைந்துபோகும் என்று
பஞ்சவர்ணத்தின் தூக்குவாளி மூடியில்
ஆணியால் ஆளுக்கொரு கோடு கீறினோம்.

அந்தக் கப்பலில் பெண்கள் இருந்தார்கள்.
தாளில் இல்லை.
அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்;
தேர்வில் வராது.

மூன்றாவது பொருள்: பங்கு.
வியாபாரியிடம் விலை பேசும்போது
நாங்கள் எண்பது பேர்.
முப்பத்தேழு பேர் மண்டபம் முகாமிலிருந்து வருகிறவர்கள்;
அதே பாறை, அதே முங்கு, அதே கிழிந்த விரல்.
பங்கு வைக்கும்போது
எண்பது, அறுபத்தொன்றரை ஆகிவிடுகிறது.
அரை அரையாக முப்பத்தேழு.

"முகாம்னு எழுதாதே" என்றார் தலைவி லூர்தம்மாள்.
"அதிகாரி பார்த்தால் வம்பு.
மற்ற நபர்கள்னு போடு."

பேனா நின்றது.
பக்கம் நூற்றுப்பன்னிரண்டு.
அடிமை என்று எழுத அவர்களுக்கும் கூச்சம்;
மற்ற நபர்கள் என்றுதான் எழுதினார்கள்.
ஆள்கணக்கைப் பெருக்கிக்காட்ட அவர்களைச் சேர்த்துக்கொண்டு
ஒவ்வொரு உயிரையும்
ஐந்தில் மூன்று என்று வகுத்தார்கள்.
அதை அழிக்க எண்பது வருஷமும்
ஒரு போரும் ஆயிற்று.

நாங்கள் அரை என்கிறோம்.
அவர்களைவிடக் குறைவு.

ஷட்டருக்குக் கீழே கால்கள் தெரிந்தன.
தகரம் கட்டிய செருப்பு,
பாறை கீறிய குதிகால்.
சுகிர்தமலரின் கால் எனக்குத் தெரியும்.
அன்று வள்ளத்தில் எல்லாரும் கோடு கீறியபோது
அவள் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

பொருள் மூன்று, அடுத்த பிறைக்கு ஒத்திவைப்பு.
அப்படித்தான் முடிந்தது;
என் ஒரு கை மட்டும் தூக்கி என்ன செய்ய?
ஆனால் குறிப்பு எழுதுகிறவள் நான்.
மற்ற நபர்கள் என்பதை அடித்துவிட்டுப்
பெயர்களை எழுத ஆரம்பித்தேன்.
மூன்று வருஷம் ஒரே வள்ளத்தில் போயும்
பதினொன்றுக்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

"ஷட்டரைத் தூக்குங்க" என்றேன்.
துருப்பிடித்தது, முக்கால் வாசியில் சிக்கிக்கொண்டது.
குனிந்துதான் வர வேண்டும்.
காற்று முதலில் உள்ளே வந்து
பேரேட்டை வேறு பக்கத்துக்குப் புரட்டிவிட்டது.